கிரேயான் உருக்கிச் செய்யும் ஜன்னல் சன்கேச்சர்: வெளிச்சம் ஊடுருவவில்லை, என்ன காரணம்?

படிக்கட்டு நூலகம் (கேள்வி)

வணக்கம். எங்கள் குடியிருப்பில் மே விடுமுறைக்கு 7 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகள் 20 பேருக்கு ஒரு மணி நேரக் கைவேலை வகுப்பு வைக்கிறோம். கிரேயானைச் சீவி, இரண்டு தாளுக்கு நடுவே தூவி, அயர்ன் பாக்ஸால் உருக்கி, ஜன்னலில் தொங்கவிடும் சன்கேச்சர் செய்யலாம் என்று திட்டம். மாதிரிக்கு ஒன்று செய்ததில் கீழே உள்ள சிக்கல்கள் வந்தன.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நிறம் தெரியவில்லை, கருப்பாகத்தான் தெரிகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்த இடமெல்லாம் சேற்று நிறம். சில துணுக்குகள் காட்டன் சூட்டில் வைத்தும் உருகவே இல்லை, பிசுக்கென்று இழுபட்டுக்கொண்டு நிற்கின்றன. ஆறிய பிறகு மேல்தாள் தனியாக உரிந்து வந்துவிட்டது, மெழுகு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

தாள்: கேக் செய்யும்போது தட்டில் விரிப்பார்களே, அந்த பேக்கிங் பேப்பர். கிரேயான்: வீட்டில் கிடந்த பழைய துண்டுகள், எந்த வகை என்று தெரியாது. அளவு: ஏ4 தாளின் பாதிக்கு 2 கிரேயான்.

இன்னும் இரண்டு கேள்விகள். மாட்டப்போவது மேற்குப் பார்த்த ஜன்னல், ஊர் சென்னை. வெயிலில் உருகி வழியுமா? ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துவிட்டால் பாதுகாப்பாக இருக்குமா?

---

உருகுநிலை

தாள், கிரேயான், அளவு மூன்றுமே இடிக்கின்றன. அளவை முதலில் பார்ப்போம், வெளிச்சத்தை அடைப்பது அதுதான்.

கிரேயான் என்பது பாரஃபின் மெழுகு, அதைக் கெட்டிப்படுத்த ஸ்டியரிக் அமிலம், நிறமிப் பொடி, விலை குறைந்ததாக இருந்தால் கூடவே டால்க் அல்லது சுண்ணாம்புப் பொடி. மெழுகு வெளிச்சத்தை விடும், பொடிகள் விடாது. காகிதத்தில் கோடு போடும்போது அடியிலுள்ள வெள்ளை மறைய வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு பொடி போடுகிறார்கள். ஆகவே சன்கேச்சருக்குப் படலம் மிக மெல்லியதாக இருந்தாக வேண்டும், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக. ஏ4 தாளின் பாதி (ஏ5) அளவுக்குச் சீவல் ஒரு தேக்கரண்டி போதும், தலைதட்டி, அமுக்காமல். எடையில் சுமார் ஒன்று முதல் ஒன்றரை கிராம், சாதாரண கிரேயானில் மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் போட்டிருப்பது அதைப்போல ஆறு மடங்கு. தூவி முடித்ததும் தாள் பாதிக்கு மேல் வெறுமையாகத் தெரிய வேண்டும். பார்க்கப் போதாது போலத்தான் இருக்கும், உருகும்போது பரவிக்கொள்ளும்.

அடுத்து தாள். பேக்கிங் பேப்பரில் சிலிக்கான் பூச்சு இருக்கிறது. எதுவும் ஒட்டாமலிருக்கத்தான் அந்தப் பூச்சு, அதனால் மெழுகும் ஒட்டாது. உங்கள் மேல்தாள் உரிந்ததும், மெழுகு பிடிப்பில்லாமல் உதிர்ந்ததும் அதனால்தான். அந்தத் தாள் வேண்டியதே, ஆனால் வெளியே: அயர்ன் பாக்ஸுக்கும் வேலைக்கும் நடுவே காவலாக. உள்ளே வைக்க வேண்டியது ஸ்டேஷனரி கடையில் விற்கும் பூச்சில்லாத பட்டர் பேப்பர், அதாவது தையற்காரர்களும் டிராயிங் வகுப்புப் பிள்ளைகளும் வாங்கும் மெல்லிய தாள். அதில் மெழுகு ஊறி இறங்கும். இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்றை வெளியேற்றி அந்த இடத்தை மெழுகு நிரப்பிவிடுவதால் தாளே கண்ணாடித்தன்மைக்கு வந்துவிடும், பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் தெரிவதைப் போல. காரணம் எளிது: நார், மெழுகு இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் (ஒரு பொருளுக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்லும் எண்) நெருக்கம் (1.5, 1.4 சுமார்), காற்றோ 1. வித்தியாசம் குறையக் குறைய ஒளி சிதறுவதும் குறையும்.

இரண்டு பக்கமும் மெழுகு பூசிய வாக்ஸ் பேப்பர் கிடைத்தால் இன்னும் சுலபம், சூடு பட்டதும் இரண்டு தாளும் தானே ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போது நகத்தால் கீறிப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் வாக்ஸ் பேப்பர். விழாமல் வழுக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாகத் திரண்டு உருண்டால், அது சிலிக்கான் தாள். கடைகளில் இந்த இரண்டையும்கூட ‘பட்டர் பேப்பர்’ என்ற ஒரே பெயரில் கொடுப்பதால் பெயரை நம்பி வாங்காதீர்கள்.

உருகாத துணுக்குகள் பிளாஸ்டிக் கிரேயான். நம் ஊர்க் கடைகளில் வாக்ஸ் கிரேயான், பிளாஸ்டிக் கிரேயான், ஆயில் பேஸ்டல் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பெட்டிப் படமும் ஒன்றுபோலவே இருக்கும். வாக்ஸ் கிரேயான் ஏறக்குறைய 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். பிளாஸ்டிக் வகையில் பாலிமர் கலந்திருப்பதால் அதற்கு நிறையச் சூடு வேண்டும். அது உருகும்வரை காத்திருந்தால் மற்ற மெழுகெல்லாம் தண்ணீராக ஓடிவிடும். ஆயில் பேஸ்டலோ உருகும், ஆனால் இறுகாது. அதில் உலராத எண்ணெய் இருக்கிறது, நாளாக ஆகத் தாளின் ஓரம்வரை கசிந்து கறை போடும்.

கையில் இருக்கும் பழைய துண்டுகளைப் பிரிக்க ஒரு வழி: கொதித்து இறக்கிய தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் ஒரு பழைய எவர்சில்வர் கரண்டியை மிதக்க விட்டாற்போல் பிடித்து, அதில் ஒரு சிட்டிகைச் சீவல் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் தெளிவாக உருகினால் வாக்ஸ். வடிவம் கலையாமல் நின்றாலோ, குச்சியால் தொட்டால் நூலாக இழுபட்டாலோ பிளாஸ்டிக். வகுப்புக்குப் பழைய துண்டுகள் வேண்டாம் என்பேன். ‘வாக்ஸ்’ என்று பெட்டியில் அச்சிட்ட 12 நிற டப்பா ஒன்று 20 பேருக்குத் தாராளம். மஞ்சள்தான் முதலில் தீரும், அதை மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஊசிநூல்

நிறம் சேறாகுறதுக்கு மட்டும் நான் சொல்றேன். மேலே சொன்ன மாதிரி அளவைக் குறைச்சாலே பாதி சரியாயிடும். மீதிப் பாதி நிறத் தேர்வு.

நிறமிகள் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா ஒவ்வொண்ணும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். சிவப்பும் பச்சையும் சேர்ந்தா ரெண்டும் சேர்ந்து எல்லாத்தையும் தின்னுடும், மிஞ்சுறது பழுப்பு. அதனால ஒரு தாளுக்கு மூணு நிறத்துக்கு மேல வேண்டாம், அந்த மூணும் ஒரே குடும்பமா இருக்கணும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஒரு கூட்டு. மஞ்சள், இளம்பச்சை, நீலம் ஒரு கூட்டு. நீலம், ஊதா, ரோஸ் ஒரு கூட்டு. எந்தக் கூட்டா இருந்தாலும் வெளிர்நிறம் பாதி, அடர்நிறம் ஒரு சிட்டிகை. அடர்நீலமும் ஊதாவும் கை தவறி விழுந்தா மொத்தத்தையும் மூடிடும்.

வெள்ளை, தோல் நிறம், பழுப்பு, கருப்பு, தங்கம், வெள்ளி எல்லாத்தையும் டப்பாவுல இருந்து எடுத்து ஒளிச்சு வெச்சிடுங்க. வெள்ளையில இருக்கிறது டைட்டானியம் டைஆக்சைடு, சுவர் பெயிண்ட்ல அடியில உள்ள நிறத்தை மறைக்கப் போடுற அதே பொடி. கையில பார்க்க வெள்ளையா இருக்கும், ஜன்னல்ல சாம்பல் கறையாத் தெரியும். தோல் நிறம், வெளிர்ரோஸ் மாதிரி பால் கலந்த நிறம் எல்லாத்துலயும் அது உண்டு. வெளிர்நிறம் வேணும்னா வெள்ளை கிரேயான் போடாதீங்க, சாதா வெள்ளை மெழுகுவத்தியைச் சீவிக் கலந்துக்குங்க. ஒரு பங்கு கிரேயான் சீவலுக்கு ஒரு பங்கு மெழுகுவத்திச் சீவல். நிறமி பாதியாக் குறையும், வெளிச்சம் நல்லா வரும். என்னைக் கேட்டா எல்லா நிறத்துக்குமே இந்தக் கலவைதான் சரி, தனி கிரேயானைவிட அழகா இருக்கும்.

எந்த நிறம் தேறும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க: பட்டர் பேப்பர்ல ஒவ்வொரு கிரேயானாலயும் அழுத்தித் தேய்ச்சு, பின்னால மொபைல் டார்ச்சைப் பிடிங்க. பளிச்சுன்னு நிறம் வந்தா எடுத்துக்கலாம். நிழல் மாதிரி தெரிஞ்சா தள்ளிடலாம்.

சீவுறது பத்தி. சென்னை மே மாசச் சூட்டுல கிரேயான் ஷார்ப்னர்ல அப்பிக்கும். வகுப்புக்கு முன்னாடி அரைமணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க (ஃப்ரீசர் வேண்டாம், வெளியே எடுத்ததும் வேர்த்து ஈரமாயிடும்). லேபிள் காகிதம் உரியலைன்னா முந்தின நாளே வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் ஊறப்போட்டுத் துடைச்சுக் காயவைங்க. உலோக ஷார்ப்னர் நல்லது. அப்பினா நடுவுல ஒரு மரப் பென்சிலை ரெண்டு சுத்து சீவினா அது இழுத்துட்டு வந்துடும். தடி கிரேயானா இருந்தா துருவி. அந்தத் துருவி அப்புறம் சமையலறைக்குத் திரும்பக்கூடாது. சீவல் மெல்லிசா இருந்தா சீக்கிரம் உருகும். நடுவுல ஒரு கட்டி கிடந்தா அந்த இடத்துல தாள் தூக்கிக்கிட்டு, சுத்தி உள்ளதுக்குச் சூடே போகாது.

முக்கியமா, தூவும்போது ஃபேனை நிறுத்துங்க.

---

மடிப்பு கலையாமல்

அயர்ன் வேலையைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, வகுப்பில் சொதப்பக்கூடிய இடம் அதுதான்.

மேஜை மரமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் மேஜை வேண்டாம். நாலாக மடித்த பழைய பருத்திப் போர்வை, அதன் மேல் செய்தித்தாள் சில அடுக்கு, அதன் மேல் வெள்ளைத் தாள் ஒன்று. செய்தித்தாள் நேராக வேலையைத் தொடக்கூடாது, சூட்டில் அச்சு மை பட்டர் பேப்பருக்கு ஏறும். வெள்ளைத் தாளின் மேல் ஒரு பேக்கிங் பேப்பர், அதன் மேல் சீவல் தூவி இரண்டாக மடித்த பட்டர் பேப்பர், அதன் மேல் இன்னொரு பேக்கிங் பேப்பர். கடைசியாக மெல்லிய பருத்தித் துணி, பழைய வேட்டித் துண்டு போதும். தனித்தனி இரண்டு தாள் வைப்பதைவிட ஏ4 தாளை நடுவே மடித்துப் பாதியில் தூவுவது மேல். ஒரு பக்கம் மூடியிருப்பதால் சீவல் கொட்டாது, தாளும் நகராது. எல்லா ஓரத்திலும் ஒன்றரை சென்டிமீட்டர் வெறுமையாக விடுங்கள். மெழுகு பரவ அந்த இடம் வேண்டும். பிறகு சட்டம் ஒட்டவும் அந்த ஓரம் கைகொடுக்கும்.

சூடு: சில்க் குறி, பெட்டியில் புள்ளிகள் இருந்தால் ஒற்றைப் புள்ளி. பராமரிப்புக் குறியில் ஒற்றைப் புள்ளி என்றால் அடித்தட்டு அதிகபட்சம் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. மெழுகு உருகுவதற்கு ஒற்றைப் புள்ளியே அதிகம்தான், நடுவே உள்ள துணியும் தாளும் கொஞ்சத்தைத் தின்றுவிடுவதால் சரியாக இருக்கிறது. நீங்கள் காட்டனுக்குப் போனதால் உருகிய மெழுகு தண்ணீராக நீர்த்து ஓடி நிறங்கள் கலந்திருக்கும். சேற்று நிறத்துக்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று: ஸ்விட்ச் போட்டு முதல்முறை விளக்கு அணையும்போது அடித்தட்டு குறித்த சூட்டைத் தாண்டிப் போயிருக்கும், பழைய கனமான பெட்டிகளில் இது அதிகம். விளக்கு அணைந்து எரிந்து மறுபடி அணையும்வரை விட்டுவிட்டுத் தொடங்குங்கள். நீராவி வசதி இருந்தால் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். ஈரம் பட்டால் தாள் சுருங்கும், மெழுகுக்கடியில் கொப்புளம் கட்டும்.

தேய்க்கக்கூடாது. துணி தேய்க்கிற பழக்கத்தில் கை தானாக முன்னும் பின்னும் போகும், அப்படிப் போனால் உருகிய மெழுகு ஒரே ஓரத்துக்குத் தள்ளப்படும். வைத்து, 5 விநாடி எண்ணி, நேராகத் தூக்கி, அடுத்த இடத்தில் வைப்பது. ஏ5 அளவுக்கு இரண்டு மூன்று இடம் வரும். துணியைத் தூக்கிப் பாருங்கள், புள்ளிகளாக இருந்தவை ஈரக்கறை போலப் பரவியிருந்தால் முடிந்தது. பாதி புள்ளியாக இருந்தால் இன்னொரு 5 விநாடி. புகையோ கருகல் வாசனையோ வந்தால் சூடு மிக அதிகம், உடனே எடுத்துவிடுங்கள். கிரேயான் பெட்டியில் ‘நச்சற்றது’ என்று போட்டிருப்பது குழந்தை கையில் வைத்து வரைவதற்கு. புகைய விடுவதற்கு அந்த உறுதிமொழி பொருந்தாது. ஜன்னல் திறந்திருக்கட்டும்.

எடுத்ததும் ஆறப்போடும் விதம் முக்கியம். பாரஃபின் மெதுவாக ஆறினால் பெரிய படிகங்களாக இறுகிப் பால்போல் மங்கும், சட்டென்று ஆறினால் நுண்ணிய படிகங்கள், தெளிவு கூடும். அதனால் பேக்கிங் பேப்பரோடு சேர்த்துத் தூக்கி நேராக கிரானைட் மேடை மேலோ எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் மேலோ வைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். ஒரு நிமிடத்தில் இறுகிவிடும், வளையவும் செய்யாது.

20 பேருக்கு ஒரே பெட்டி என்றால் அயர்ன் வேலைக்கு மட்டும் அரைமணி நேரத்துக்குமேல் ஆகும். சீவுவதும் தூவுவதும் பிள்ளைகள் செய்யட்டும், அயர்ன் பாக்ஸ் பெரியவர் கையில் மட்டும். காத்திருக்கும் நேரத்தில் சட்டம் வெட்டும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

---

வளையல் பெட்டி

நான் வேறு முறை சொல்கிறேன். அயர்ன் வேண்டாம், பழைய வளையல்களை பேக்கிங் பேப்பர் மேல் வைத்து, உருக்கிய கிரேயானை உள்ளே ஊற்றினால் வட்டம் வட்டமாக அழகாக வரும். வளையலே சட்டம், நூல் கட்டவும் சுலபம். ஓடிஜி (கேக் சுடும் சிறிய மின்சார அவன்) இருந்தால் சீவலை வளையலுக்குள் போட்டு 110 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தாலே போதும். சிலிக்கான் அச்சிலும் செய்யலாம்.

---

உருகுநிலை

வளையல் யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் ஊற்றும் முறையில் இரண்டு சிக்கல். முதலாவது கனம். ஊற்றினால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் 2 மில்லிமீட்டருக்குக் குறையாது, அந்தக் கனத்தில் மஞ்சளைத் தவிர மற்றதெல்லாம் இருட்டுதான். மேஜை அலங்காரத்துக்குச் சரி, ஜன்னலுக்கு ஆகாது. இரண்டாவது, பாரஃபின் இறுகும்போது கன அளவில் பத்து சதவீதத்துக்கு மேலேயே சுருங்கும். உலோக வளையலின் வழவழப்பான உட்புறத்தை விட்டு விலகி, பிறகொரு நாள் கதவை அடித்துச் சாத்தும்போது வில்லை தனியாகக் கழன்று விழும்.

வளையலைச் சட்டமாக மட்டும் பயன்படுத்துங்கள். அயர்ன் செய்த தாளை வளையலின் வெளிவட்ட அளவுக்கு வெட்டி, ஒரே அளவிலான இரண்டு வளையலுக்கு நடுவே வைத்து, வளையல்களைச் சேர்த்து நூல் சுற்றிக் கட்டிவிடலாம். பசையே வேண்டாம்.

உருக்கியே ஆக வேண்டும் என்றால் அடுப்பில் நேரடியாக வைக்காதீர்கள். அகலப் பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் அலுமினியக் கிண்ணம், சிறு தீ. பாரஃபின் சுமார் 200 டிகிரியில் தீப்பற்றக்கூடிய ஆவி விடத் தொடங்கும். தண்ணீருக்குள் வைத்தால் 100-ஐத் தாண்டவே வழியில்லை. பற்றிக்கொண்டால் மூடி போட்டு அடுப்பை அணையுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது, எரியும் மெழுகு தெறிக்கும். மிச்ச மெழுகை சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் இறுகி அடைக்கும். பிள்ளைகள் வகுப்பில் இந்த முறையே வேண்டாம் என்பது என் கருத்து.

---

படிக்கட்டு நூலகம்

நன்றி. பட்டர் பேப்பர், சில்க் சூடு, ஒரு தேக்கரண்டி, மூன்று நிறம் என்று எடுத்துக்கொள்கிறேன். வெயிலும் லேமினேஷனும் பாக்கி. சட்டத்தை ஃபெவிகால் போட்டு ஒட்டலாமா?

---

மடிப்பு கலையாமல்

லேமினேஷன் மட்டும் வேண்டாம். ஜெராக்ஸ் கடை இயந்திரத்தின் உருளை 100 டிகிரிக்கு மேல் சூடாகி அழுத்தும். உங்கள் மெழுகு மறுபடி உருகி, உருளையின் அழுத்தத்தில் பின்பக்கமாகப் பிதுங்கி, பிளாஸ்டிக் உறையின் ஓரத்தைத் தாண்டினால் உருளையில் ஏறிவிடும். அடுத்து வருகிற நபரின் மார்க் ஷீட்டில் உங்கள் ஊதா நிறம் இருக்கும். மேலும் மெழுகு பட்ட இடத்தில் உறையின் பசை பிடிக்காது. பாதுகாப்பு வேண்டுமென்றால் புத்தகத்துக்கு அட்டை போடும் ஒட்டும் டிரான்ஸ்பரன்ட் ஷீட்டை, சூடில்லாமல், இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். அதுவும் மெழுகில் நிற்காது, வெறும் ஓரத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். உண்மையில் தேவையே இல்லை, பட்டர் பேப்பரே போதுமான உறை.

ஃபெவிகால் தண்ணீர்ப் பசை. மெழுகு ஊறிய தாளில் காய்ந்ததும் செதிலாக உரியும். மெழுகு படாத ஓரத்தில் மட்டும் பிடிக்கும், அங்கேயும் ஈரத்தால் மெல்லிய தாள் சுருங்கும். இருபக்க டேப்தான் சரி. கருப்பு சார்ட் பேப்பரில் ஒரே அளவாக இரண்டு சட்டம் வெட்டி முன்னும் பின்னும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கடற்கரை ஊர் ஈரப்பதத்தில் மெழுகு படாத ஓரம் உப்பி, முழுத் துண்டும் அப்பளமாக வளையும். கருப்புச் சட்டம் இல்லாவிட்டால் நிறம் பாதிதான் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், சுற்றிலும் வெளிச்சம் இருந்தால் கண் கூசி நிறம் அடிபடும்.

தொங்கவிட தூண்டில் நரம்பு. துளை சார்ட் சட்டத்தில் விழட்டும், மெழுகுத் தாளில் போட்டால் கிழியும். நம் ஜன்னல்களில் கம்பி இருப்பதால் உறிஞ்சு கொக்கி தேவையில்லை. தவிர பூப்போட்ட கண்ணாடியில் அது ஒட்டவும் ஒட்டாது. ஆனால் பூப்போட்ட கண்ணாடியோ பனிக் கண்ணாடியோ உள்ள ஜன்னல்தான் சன்கேச்சருக்கு நல்ல இடம். வெளிச்சம் பரவலாக வரும், பின்னால் இருக்கும் மோட்டார் ஷெட்டும் தெரியாது.

---

ஊசிநூல்

வெயில் பத்தி. மெழுகு உருகுறதுக்கு ரொம்ப முன்னாடியே இளக ஆரம்பிச்சுடும். மேற்கு ஜன்னல்ல, மூடின கண்ணாடிக்குப் பின்னால, கத்திரி வெயில்ல, சாயங்காலம் மூணு நாலு மணிக்கு அடர்நிறப் பகுதி நல்லாவே இளகும். அடர்நீலம், ஊதா எல்லாம் வெயிலை அதிகம் உறிஞ்சுறதால அதுங்கதான் முதல்ல. ஆனா பயப்பட வேண்டாம், தாள்ல ஊறின மெல்லிய படலத்தைத் தாளே இழுத்துப் பிடிச்சுக்கும், வழியாது. கோடு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஊத்திச் செஞ்ச கனமான வில்லைன்னா தொங்கி நீண்டுடும்.

கண்ணாடியில ஒட்ட வைக்காம ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்க, காத்து நடுவுல போகட்டும். கிழக்கு ஜன்னல் கிடைச்சா அதுதான் உத்தமம், காலை வெயில் சாஞ்சு வரும், சூடும் கம்மி. ஏப்ரல், மே ரெண்டு மாசம் மேற்கு ஜன்னல்ல மாட்டாம எடுத்து வெச்சுட்டா இன்னும் நல்லது. எடுத்து வைக்கும்போது ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா ஒட்டிக்கும், நடுவுல பேக்கிங் பேப்பர் போடுங்க. வகுப்பு முடிஞ்சு பிள்ளைங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போகும்போதும் இதையே சொல்லி அனுப்புங்க, வெயில்ல நிக்கிற காருக்குள்ள வெச்சா போச்சு.

நிறம் வெளுக்கும், அதைத் தடுக்க முடியாது. பளீர்னு கண்ணைப் பறிக்கிற ஃப்ளோரசன்ட் நிறங்கள் முதல்ல போகும்.

---

வளையல் பெட்டி

இரண்டு வளையல் முறையைக் குறித்துக்கொண்டேன். அயர்ன் பாக்ஸ் அடியிலும் துணியிலும் மெழுகு பட்டால் என்ன செய்வது? வகுப்பில் கட்டாயம் படும்.

---

மடிப்பு கலையாமல்

அயர்ன் பாக்ஸ்: ஆறிய பிறகு சுரண்டாதீர்கள், கோட்டிங் போய்விடும். சில்க் சூட்டுக்கு ஏற்றி, ஸ்விட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கி, மடித்த பழைய பருத்தித் துணி மேல் நாலைந்து முறை ஓட்டுங்கள். துணியின் சுத்தமான பக்கத்துக்கு மாற்றி மாற்றி, நிறம் வருவது நிற்கும்வரைக்கும். நீராவித் துளைகளுக்குள் போயிருந்தால் சூடாக இருக்கும்போதே காதுக் குச்சியால் பெரியவர்கள் யாராவது எடுக்கலாம்.

துணி: முதலில் ஐஸ் வைத்து இறுக விட்டு, பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் சுரண்டுங்கள். மிச்சத்துக்கு மேலும் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து மிதமான சூட்டில் அழுத்தினால் டிஷ்யூ உறிஞ்சும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது டிஷ்யூ. மெழுகு போனாலும் நிறமி தங்கும். அதற்குப் பாத்திரம் கழுவும் திரவத்தை நேராகத் தேய்த்து, பத்து நிமிடம் விட்டு அலச வேண்டும். நேரே வாஷிங் மெஷின் வெந்நீரில் போட்டால் மற்ற துணிக்கும் பரவும். தரைக்கும் ஐஸ், கார்டு போதும்.

---

படிக்கட்டு நூலகம்

கடைசியாக ஒன்று. நடுவே இலை, பூ வைத்து உருக்கலாமா? சில பிள்ளைகள் கேட்பார்கள்.

---

உருகுநிலை

பச்சை இலை கூடாது. சூடு பட்டதும் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி மெழுகைத் தூக்கும், அந்த இடம் ஒட்டாது, இலையும் இரண்டு நாளில் கருக்கும். பழைய நோட்டுப் புத்தகத்தில் வைத்து மேலே கனம் ஏற்றி இரண்டு வாரம் உலர்த்தியது வேண்டும். மெல்லியதாக இருக்க வேண்டும். வேப்பங்கொழுந்து, பெரணி, காகிதப்பூ இதழ் சரியாக வரும். செம்பருத்தி இதழும் தடித்த காம்புள்ள பூக்களும் வராது, காம்பு மேடிட்டு இரண்டு பக்கமும் தாள் பிரியும். இலை வைத்தால் கிரேயான் சீவலைப் பாதியாகக் குறைத்து மெழுகுவத்திச் சீவலைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் இலை வெறும் கருநிழலாகத் தெரியும். இலைக்குக் கீழே கொஞ்சம், மேலே கொஞ்சம் தூவுங்கள், இரண்டு தாளோடும் அது பிடித்துக்கொள்ளும்.

இவற்றில் சிறந்தது அரச இலையின் நரம்பு மட்டும். முற்றிய இலையைத் தண்ணீரில் மூழ்க வைத்து மூன்று நான்கு வாரம் விட்டால் சதை அழுகிக் கழன்றுவிடும். தண்ணீர் நாறும், நாலைந்து நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், பால்கனியிலேயே வையுங்கள், கொசு முட்டையிடாமல் மூடியும் வையுங்கள். பிறகு தட்டில் நீர் விட்டு, அதில் இலையைக் கிடத்தி, மென்மையான பல்துலக்கியால் காம்பிலிருந்து நுனிப் பக்கமாக வருடினால் வலைப்பின்னல் மட்டும் நிற்கும். டிஷ்யூவுக்கு நடுவே வைத்துப் புத்தகத்தில் உலர்த்தவும். இதன் மேல் மஞ்சளும் மெழுகுவத்தியும் மட்டும் தூவுங்கள், வேறு நிறம் வேண்டாம். வகுப்பு மே மாதம் என்றால் இலையை ஏப்ரல் முதல் வாரமே ஊறப்போட்டாக வேண்டும்.